கதையே இல்லை என்று யார் சொன்னது?

நூவோ ரோமான் (1950களில் பிரான்சில் எழுந்த 'புதிய நாவல்') என்றாலே கதை கிடையாது, ஆள் கிடையாது, பக்கம் பக்கமாக மேஜை நாற்காலி வர்ணனைதான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

அலென் ராப் கிரியேயின் 'லா ஜலூசி' ('பொறாமை', 1957) நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாழைத்தோட்ட வீடு, மனைவி, அடிக்கடி வந்துபோகும் பக்கத்துத் தோட்டக்காரன் ஃப்ராங்க். கதை சொல்லும் கணவன் ஒருமுறைகூட 'நான்' என்று சொல்வதில்லை. சாப்பாட்டு மேஜையில் மூன்றாவதாக ஒரு தட்டு இருப்பதை வைத்து, அவனும் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். சுவரில் இருக்கும் பூரானை ஃப்ராங்க் நசுக்கும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, வரவரப் பூரானும் பெரிதாகிக்கொண்டே போகிறது. மனைவியும் ஃப்ராங்கும் டவுனுக்குப் போய் ராத்திரி திரும்பாமல், மறுநாள் வந்து கார் ரிப்பேர் என்கிறார்கள். புருஷன் என்ன செய்கிறான்? வாழை மரங்களை வரிசை வரிசையாக எண்ணுகிறான். (ராப் கிரியே விவசாயம் படித்தவர், வாழை ஆராய்ச்சியாக கரீபியன் தீவான மார்த்தினிக் வரை போய் வேலை பார்த்தவர்.) வயிறு எரிந்தது என்று ஒரு வரி எழுதாமல் சந்தேகம் பிடித்தவனின் மண்டைக்குள் நம்மை உட்காரவைத்துவிடுகிறார், இது கதை இல்லையா?

நூவோ ரோமானின் கெட்ட பெயருக்குப் பாதிக் காரணம் அவரேதான். பாத்திரம், கதை எல்லாம் காலாவதி, பொருட்கள் வெறுமனே இருக்கின்றன என்றெல்லாம் கட்டுரை எழுதி 1963இல் புத்தகமாகவும் போட்டார். அவருடைய நாவலில் அந்தப் பூரான் வெறும் பூரானாகவா இருக்கிறது? நூவோ ரோமானை இயக்கம் என்பதும் பெரிய வார்த்தைதான். 'லெ மோந்து' நாளிதழின் விமர்சகர் எமில் ஆன்ரியோ 1957இல் திட்டி எழுதியபோது வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது, ஜெரோம் லிந்தோனின் மினுய் பதிப்பகம் இப்படி எழுதியவர்களில் பலரை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது, அவ்வளவுதான். அவர்களில் ஒருவரான நத்தாலி சரோத் 1939லேயே தன் வழியில் எழுதிப் புத்தகம் போட்டுவிட்டார். இன்னொருவரான மிஷெல் புய்த்தோர் ஒரு நாவலில் பாரிஸிலிருந்து ரோமுக்குப் போகும் ரயில் பயணம் முழுவதையும் 'நீங்கள்' என்று வாசகனைப் பார்த்தே சொன்னார்; உத்தி பிரமாதம், எனக்குப் பாதி வழியில் கொஞ்சம் சலித்தது.

இவர்களில் என் ஓட்டு க்ளோத் சிமோனுக்கு. 1940இல் ஜெர்மன் படைக்கு எதிரே குதிரைமேல் அனுப்பப்பட்டு, சிறைபட்டு, தப்பி வந்தவர். 1960இல் வந்த அவருடைய 'ஃப்ளாண்டர்ஸ் சாலை' நாவலில் ஒரு கேப்டன் வாளை உருவிக்கொண்டே சுடப்பட்டுச் சாகிறார். போர்தான் கொன்றதா, மனைவியின் துரோகம் தெரிந்து வேண்டுமென்றே சாகப் போனாரா என்று மற்றவர்கள் பேசிப்பேசி மாய்கிறார்கள், வாக்கியம் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடுகிறது. இதை வடிவ விளையாட்டு என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. 1985இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

புதிதாகப் படிப்பவர்கள் 'லா ஜலூசி'யில் ஆரம்பியுங்கள், சின்னப் புத்தகம்தான். கட்டுரைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை.