தாமதமாகப் போய்ச் சேரும் விமானம்

அடுத்து எந்த விமானத்தைச் சேர்க்கலாம் என்று கணினியில் விமானப் போர் விளையாடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே பட்டியல்தான் வரும். ஜெர்மனி இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அவசர அவசரமாகச் செய்த ஜெட்கள், வரைபடத் தாளை விட்டு வெளியே வராத அதிசயங்கள், நான்கு பீரங்கி பொருத்திய ஏதோ ஒன்று. அரிய விமானம் என்றால் யாருக்கும் தெரியாத வெல்லும் ஆயுதம் என்றே நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் வாக்கு ஃபெயரி ஃபுல்மார் என்ற பிரித்தானிய விமானத்துக்கு.

சிரிப்பீர்கள், தெரியும். ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்ற பிரித்தானியச் சண்டை விமானங்கள் இரண்டிலும் இருந்த அதே மெர்லின் எஞ்சின்தான் இதிலும். ஆனால் அது இழுக்க வேண்டியது இரண்டு பேர் அமரும் நீண்ட, கனத்த உடலை. இலகு குண்டுவீச்சு விமானமாக வரையப்பட்டதைப் பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்கான சண்டை விமானமாக மாற்றிக்கொண்டது. 1940 ஜனவரியில் முதலில் பறந்தது, மொத்தம் 600 செய்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, இங்கிலாந்தில் யோவில்டன் கடற்படை விமான அருங்காட்சியகத்தில். அதுவும் முதன்முதலில் பறந்த அதே விமானம்! எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், மணிக்கணக்கில் வானில் நிற்கும் திறன், மற்றபடி மணிக்கு 440 கிலோமீட்டரைக்கூட எட்டாத வேகம். எதிரே வரும் ஜப்பானியச் சண்டை விமானமான ஜீரோவின் வேகம் 530. இதைக் கொண்டுவந்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். நான் வாங்குவேன் என்றேன். வேறு யார் என்றார்.

நியாயமான கேள்விதான். விளையாட்டு நிறுவனங்கள் தர்மத்துக்கு நடப்பவையல்ல. விமானி உட்காரும் உள்ளறையை மட்டும் உருவாக்கவே மாதக்கணக்கில் ஆகும். ஆனால் மத்தியதரைக் கடலில் இத்தாலியக் குண்டுவீச்சு விமானங்களுக்கும் வேவு விமானங்களுக்கும் இந்த ஆமை எமனாக இருந்தது. அந்தப் போரில் பிரித்தானியக் கடற்படையின் சண்டை விமானங்களில் எதிரி விமானங்களை மிக அதிகமாக வீழ்த்திய கணக்கு ஃபுல்மாருடையது என்று பதிவுகள் சொல்கின்றன. வேகத்தை மட்டும் பார்த்து விமானத்தை எடைபோடுகிறவர்கள் இதையும் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

எனக்கு உண்மையான பயம் வேறு. சேர்க்கிறோம் என்று சொல்லிவிட்டு, சமநிலை என்ற பெயரில் எஞ்சினுக்குக் கொஞ்சம் வலு, திருப்பத்துக்குக் கொஞ்சம் சலுகை என்று ஒட்டுப்போட்டு, ஃபுல்மார் தோலைப் போர்த்திய ஹரிக்கேனை நம் தலையில் கட்டிவிடுவார்கள். அதற்குச் சேர்க்காமலே இருக்கலாம்.

பின்னிருக்கையையும் வெறும் பொம்மையை வைத்து நிரப்பக் கூடாது. அங்கே உட்காருபவர் வழிகாட்டி. திசை தெரியாத கடலுக்கு மேலே பறந்துவிட்டுத் தன் கப்பலைத் திரும்பக் கண்டுபிடிக்க இன்னொருவர் வேண்டும் என்று கடற்படை நினைத்தது. அந்த ஆளுக்கும் இடம் வைக்கப்போய்த்தான் விமானம் கனத்து மெதுவானது. ஆனால் அவர் கையில் துப்பாக்கி கிடையாது. எரிச்சலில் சிலர் ஒரு தாம்சன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். நண்பர்கள் இருவர் சேர்ந்து விளையாடும்போது ஒருவருக்கு வரைபடமும் பென்சிலும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். யார் யாரைத் திட்டுவார்கள் என்று எனக்கு இப்போதே தெரிகிறது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், என் ஊர் திருகோணமலை. சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்த அன்று அந்தப் பக்கத்து வானம் கறுத்துக் கிடந்ததை அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு நான்கு நாள் முன்பு, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு. அன்று கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமானத் தளத்திலிருந்து எழும்பிய ஃபுல்மார்களில் பெரும்பாலானவை திரும்பவில்லை.

ஒன்பதாம் திகதிக் கதைதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், தாக்குதல் வரப்போகிறது என்று முதல் நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தது. தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு! மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் அதைக் கண்டுபிடித்தார்கள். காவலுக்கு ஒரு சண்டை விமானம்கூட மேலே இல்லை. அரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது, முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரத்மலானையிலிருந்து கிளம்பிய ஃபுல்மார்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் தண்ணீருக்கடியில் போயிருந்தது. அருகில் வேறு கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த ஜப்பானிய விமானங்களோடு ஃபுல்மார் விமானிகள் சண்டையிட்டார்கள், இரண்டு ஃபுல்மார்களை இழந்தார்கள்.

இதை அப்படியே ஒரு களமாக வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இரத்மலானையில் எஞ்சினைக் கிளப்பி, மலைநாட்டு மேகத்தைத் தாண்டி, கிழக்குக் கரையைப் பிடிக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரனாக ஓட்டினாலும் கப்பலைக் காப்பாற்ற முடியக் கூடாது. எண்ணெய் படிந்த கடலும் மிதக்கும் தலைகளும்தான் கண்ணில் பட வேண்டும். சண்டை அதற்குப் பிறகு. வெற்றி பெற வழியில்லாத களத்தை யாராவது திரும்ப விளையாடுவார்களா என்று கேட்கலாம். வேறு களங்களில் ஜீரோ பக்கம் நின்று இருபது விமானங்களைச் சுட்டுத் தள்ளுவதை நூறு முறை விளையாடுகிறவர்கள்தானே நாம்?

போன சனிக்கிழமை இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரத்மலானையிலிருந்து அந்த இடத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கிலோமீட்டர். கையிலிருந்த வேறொரு விமானத்தை எடுத்து, வேறொரு நாட்டு வரைபடத்தில், மணிக்கு 350க்கு மேல் போகாமல் அவ்வளவு தூரம் ஓட்டினேன். முப்பத்தெட்டு நிமிடம். வேகத்தைக் கூட்டக் கை துறுதுறுத்தது. மேசையில் வைத்த தேநீர் ஏடு கட்டிவிட்டது.

நடுவில் தம்பி எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணா, இன்னும் ஒன்றையும் சுடவில்லையா?"

"போய்க்கொண்டிருக்கிறேன்" என்றேன்.