இன்றைக்கு அங்கே வாடகை எவ்வளவு?

"இந்த ஏரியா இன்னும் ரெண்டே வருஷத்துல எங்கேயோ போயிடும்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பழைய நகர்ப்பகுதிகள் மறுபடி உயிர்பெறும்போது வாடகைக்கு விட அங்கே வீடு வாங்குவதில் தப்பில்லை. நானும் வாங்கியிருக்கிறேன். அதில் லாபம் எங்கிருந்து வருகிறது என்று புவியியலாளர் நீல் ஸ்மித் 1979-லேயே விளக்கினார். கவனிப்பாரற்ற இடத்துக்கு இப்போது கிடைக்கும் வாடகைக்கும், அதே இடத்துக்குக் கிடைக்கக்கூடிய வாடகைக்கும் நடுவே இடைவெளி விரிந்துகொண்டே போகும். அது போதுமான அளவு விரிந்ததும் பணம் அங்கே பாயும். ஆனால் சேதி நம் காதுக்கு எட்டுவதற்குள் அந்த இடைவெளியில் பெரும்பங்கை விற்பவர் விலையில் ஏற்றிவிடுகிறார்.

அதனால் வரப்போகிற ரயில் நிலையத்தையும் பூங்காவையும் கணக்கில் சேர்க்காதீர்கள். வருட வாடகை வீட்டு விலையில் 4 சதவீதம், கடன் வட்டி 9 சதவீதம் என்றால், கடன் வாங்கிய தொகைக்கு விழும் துண்டை மாதாமாதம் உங்கள் சம்பளம்தான் கட்டும். இதற்குமேல் சொத்து வரி, பராமரிப்பு வேறு. பழைய கட்டடத்தில் வயரிங்கும் துருப்பிடித்த குழாயும் புதிய பெயின்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். இரவு 9 மணிக்கும் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள்.

எனக்கு உண்மையில் மனசு அடித்துக்கொள்வது அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை நினைத்து. லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் வசதியானவர்கள் குடியேற, இருந்தவர்கள் இடம்பெயர்ந்ததை 1964-இல் எழுதியவர் சமூகவியலாளர் ரூத் கிளாஸ். இதைக் குறிக்கும் ஜென்ட்ரிஃபிகேஷன் என்ற சொல்லே அவர் தந்ததுதான். வாங்கிய கையோடு பழைய குடித்தனக்காரரைக் கிளப்பிவிட்டு வாடகையை ஏற்றுவது புத்திசாலித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். நியாயத்தை விடுங்கள், கணக்கையாவது பாருங்கள். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் மீதி 11 மாதத்தில் அதை ஈடுகட்டவே வாடகை 9 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். இரண்டு மாதம் கிடந்தால் 20 சதவீதம். புரோக்கர் கமிஷனும் பெயின்ட் செலவும் தனி.

என் வீட்டில் நான் வாங்கும்போதே இருந்த குடும்பம்தான் இன்றும் இருக்கிறது. அக்கம்பக்கத்தைவிட வாடகை குறைவுதான். ஆனால் குழாய் லேசாகக் கசிந்தாலே அன்றைக்கே போன் வருகிறது, சுவர் ஊறுவதற்குள் ஆளை அனுப்பிவிடுகிறேன். கூடுதல் வாடகைக்கு ஆள் இருக்கிறது, இவர்களைக் காலி செய்யச் சொல்லுங்கள் என்று புரோக்கர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.