பாடலாம், சொல்லக் கூடாது

போன வாரம் அக்கா மகளுக்கு ‘மெர்மெய்ட் மெலடி பிச்சி பிச்சி பிட்ச்’ தொடரின் முதல் பகுதியைப் போட்டுக் காட்டினேன். 2003 ஏப்ரலில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர். இந்தப் பெயரை எடுத்தாலே, ‘சிறுமிகளுக்குப் பொம்மை மைக் விற்க எடுத்த தொடர்தானே’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தொடக்கப் பகுதிகளையாவது ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கதாநாயகி லூசியா ஒரு கடற்கன்னி, வட பசிபிக் கடலின் இளவரசி. ஏழு ஆண்டுகளுக்கு முன் கப்பல் விபத்தில் சிக்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றித் தன் முத்தை அவனிடம் கொடுத்துவிட்டாள். அதைத் தேடித்தான் ஹிப்போ என்ற பென்குவின் துணையோடு மனிதப் பெண்ணாகக் கரையேறுகிறாள். அந்தச் சிறுவன் கைட்டோ இப்போது அலைச்சறுக்கில் கெட்டிக்காரன். தன்னைக் காப்பாற்றிய கடற்கன்னியை அவன் மறக்கவே இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் பெண்தான் அவள் என்பது அவனுக்குத் தெரியாது. அவளாக வாய் திறந்து சொன்னால் நுரையாகிக் கரைந்துவிடுவாள்.

நான் கிறங்கிப்போனது இந்த விதியில்தான். 1837இல் டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதிய ‘குட்டிக் கடற்கன்னி’ கதையில் கடல் சூனியக்காரி கடற்கன்னியின் நாக்கையே அறுத்து எடுத்துக்கொள்கிறாள். கால்களுக்கு விலை குரல். இங்கே லூசியாவிடம் குரல் முழுதாக இருக்கிறது. அவள் பாட்டைத் தாங்க முடியாமல் எதிரிகள் காதைப் பொத்திக்கொண்டு துடிக்கிறார்கள். அவளோ ‘இன்னொரு பாட்டு வேண்டுமா?’ என்று கேட்கிறாள்! கடலையே காக்கிற அந்தக் குரலால் ‘அது நான்தான்’ என்ற இரண்டு சொற்களைச் சொல்ல முடியவில்லை. ஊமையாக்கப்பட்டவளின் துயரத்தைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கிறது. மனதில் இருப்பதை எல்லாம் பேசிவிட்டு, பேச வேண்டியதை மட்டும் விழுங்கிக்கொண்டு வீடு திரும்பிய எந்தப் பெண்ணுக்கும் லூசியாவைப் புரியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. உருமாறும் காட்சியை வாராவாரம் அப்படியே திரும்பப் போடுகிறார்கள். சண்டையும் ஒரு பாட்டோடு முடிந்துவிடுகிறது. முதல் தொடர் 52 பகுதிகள், அடுத்தது 39 என்னும்போது அலுப்புத் தட்டும் இடங்கள் உண்டுதான். ஆனால் லூசியாவுக்குக் குரல் கொடுத்த அசுமி நகாதாவே அவள் பாட்டுகளையும் பாடியிருக்கிறார். பேசும்போது தடுமாறுகிற அதே தொண்டை, பாட்டில் ஏறும்போது நிமிர்ந்துவிடுகிறது. அதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சித்தி, முடிதானே மாறியிருக்கிறது? முகம் அதேதானே? அந்த அண்ணனுக்கு ஏன் தெரியவில்லை?”

“அவன் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறான் கண்ணு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். ஏழு கடலுக்கும் ஏழு இளவரசிகள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

“அப்படியென்றால் நம்முடைய கடலுக்கு யார்?”

“இந்தியப் பெருங்கடலுக்கு சாரா. ஆரஞ்சு முத்து.”

“ஐ! அவள் எப்போது வருவாள்?”

ஒரு மனிதனை நேசித்து, அவன் வராமல் போனதில் உடைந்து, தன் ராஜ்யத்தையே அழித்துவிட்டு எதிரியோடு சேர்ந்துகொண்டவள் சாரா. குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். “வருவாள், பொறுத்திருந்து பார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பகுதியைப் போட்டேன்.