அது ஸ்டிரைக் அல்ல, கதவடைப்பு

இரண்டு நாளாக ஆளாளுக்கு அந்த வீடியோவை எனக்கு அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். இங்கிலாந்தின் நிலக்கரித் தொழில் நொடித்ததற்குக் காரணம் தொழிலாளிகள் கூலி அதிகம் கேட்டு 1926-ல் ஏழு மாதம் ஸ்டிரைக் செய்ததுதான் என்று அதில் பேசுபவர் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல்.

ஐயா, அது ஸ்டிரைக் அல்ல, கதவடைப்பு. சுரங்கக் கூலி குறையாமலிருக்க அரசு கொடுத்துவந்த ஒன்பது மாத மானியம் ஏப்ரல் 30-ல் முடிந்தது. குறைந்த கூலிக்குச் சம்மதித்தால்தான் வேலை என்று முதலாளிகள் முன்பே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சம்மதிக்காத பத்து லட்சம் பேருக்கு மே 1 முதல் வேலை இல்லை. மற்ற தொழிற்சங்கங்கள் அவர்களுக்காக மே 4-ல் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் 12-ம் தேதியே முடிந்துபோனது. அதன் பிறகு நவம்பர் வரை சுரங்கக் குடும்பங்கள் தனியாகத்தான் பட்டினி கிடந்தன.

அவர்கள் கூடுதலாக ஒரு பைசா கேட்கவில்லை. "கூலியில் ஒரு பென்னி குறையக்கூடாது, வேலையில் ஒரு நிமிடம் கூடக்கூடாது" என்பதுதான் அவர்கள் தலைவர் ஏ.ஜே. குக் ஊர் ஊராகச் சொன்னது. இருப்பதைப் பிடுங்காதே என்பதற்குப் பெயர் பேராசையா?

சரி, கடைசியில் தோற்றார்கள். ஏழு மணி நேர வேலையை எட்டு மணி நேரமாக்க அந்த ஜூலையிலேயே சட்டம் வந்துவிட்டது. 1925-ல் ஒரு ஷிப்டுக்கு 10 ஷில்லிங்குக்கு மேல் இருந்த சராசரிக் கூலி 1929-ல் 9 ஷில்லிங் சொச்சத்துக்கு இறங்கியது. வீடியோக்காரர் கணக்குப்படி இதற்கப்புறம் வேலை பெருகியிருக்க வேண்டுமே? 1920-களின் நடுவில் சுமார் 12 லட்சம் பேர் இருந்த தொழிலில் 1938-ல் 8 லட்சம் பேர்கூட இல்லை. 1913-ல் 28.7 கோடி டன்னாக இருந்த உற்பத்தி 1938-ல் சுமார் 22.7 கோடி டன்னாகிவிட்டது. கூலியைக் குறைத்தார்கள், வேலை கூடவில்லை. திரும்பவும் சொல்கிறேன், கூலியைக் குறைத்தார்கள், வேலை கூடவில்லை.

கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியதும், ஜெர்மனியின் ரூர் சுரங்கங்களும் போலந்தும் சந்தையைப் பிடித்ததும் தொழிலாளி குற்றமா? 1925-ல் நிதியமைச்சர் சர்ச்சில் பவுண்டின் மதிப்பைத் தங்கத்தில் பழைய உயர்ந்த அளவுக்கே ஏற்றினார். ஏற்றுமதி நிலக்கரியின் விலை வெளிநாட்டில் ஏறிப்போனது. அந்தச் சுமை சுரங்கத் தொழிலாளி தலையில்தான் விழும் என்று பொருளாதார அறிஞர் கெயின்ஸ் அந்த வருடமே எழுதினார்.

"செலவில் முக்கால்வாசி கூலிதானே, வேறு எதைக் குறைப்பது?" என்று ஒருவர் வருவார். கூலிதான் பெரிய செலவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளாகச் சிதறி, இயந்திரம் வாங்கத் தயங்கி, ஜெர்மனிக்காரனைவிடப் பின்தங்கியது யார்? மண்வெட்டி பிடித்தவனா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு. என் அப்பா கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடர், அதாவது நூற்பு இயந்திரத்தின் பக்கங்களை (சைடுகளை) பார்த்துக்கொள்பவர். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கேட்டில் நோட்டீஸ். பஞ்சப்படிக் குறைப்புக்கும் கூடுதல் சைடு பார்க்கவும் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். அந்த கேட் அப்புறம் திறக்கவே இல்லை. பல வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் மாமா ஒருவர் சொன்னார், "நீங்கெல்லாம் ஸ்ட்ரைக் பண்ணித்தானே மாப்ள மில்ல மூடுனீங்க." அப்பா பதில் பேசவில்லை. இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்துவிட்டார். பக்கத்து இலையில் நான் இருந்தேன்.

"உங்கள் வீட்டுக் கதையை வரலாற்றில் கலக்காதீர்கள்" என்பீர்கள். கலப்பேன். 1934 செப்டம்பரில் வேல்ஸில் கிரெஸ்ஃபோர்டு சுரங்கம் வெடித்து 266 பேர் செத்தார்கள். பெரும்பாலான உடல்களை வெளியே எடுக்கவே இல்லை. செத்தவர்கள் ஷிப்டை முழுதாக முடிக்கவில்லை என்று அன்றைய கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அதுவும் யாரோ ஒருவர் வீட்டுக் கதைதான்.

வீடியோ போட்டவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. 1926 மே 1 அன்று கேட்டை அடைத்தது யார் என்பதை மட்டும் அடுத்த வீடியோவில் சொல்லுங்கள்.