டேப்லெட் பிசியைத் தாண்டவில்லை
"டேப்லெட் விற்பனை பிசியை (டெஸ்க்டாப், லேப்டாப்) எப்போதோ தாண்டிவிட்டது, இனி வீட்டில் கம்ப்யூட்டருக்கு வேலையில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. டேப்லெட் 2014 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 23 கோடி விற்பனையில் உச்சம் தொட்டது, அப்புறம் பெரிய திரை போன்கள் வந்து அதன் வேலையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டன. கொரோனா காலத்தில், 2021இல், பிசி சுமார் 34 கோடி விற்றபோது டேப்லெட் அதில் ஏறக்குறைய பாதிதான். படம் பார்க்க, படிக்க டேப்லெட் அருமை, சரி. ஆனால் வங்கிக் கணக்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு எக்செல்லில் எண்களை ஏற்றிப் பாருங்கள், கீபோர்டே பாதித் திரையை மறைத்துவிடும். ஐபேடுக்கே 2020இல் டிராக்பேட் வசதியும் 2025இல் இஷ்டப்படி நகர்த்தும் விண்டோக்களும் கொடுக்க வேண்டியிருந்ததே!