சோழமண்டலத்தைக் கட்டியது பாத்திக் துணி

சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் அதைத் தொடங்கிய பணிக்கரின் ஓவியங்களைச் சொல்வார்கள், நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைச் சொல்வார்கள், கடலோரம் மரநிழலில் உட்கார்ந்து வரையும் வாழ்க்கையைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவார்கள். அந்த நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. பாத்திக் துணியும் (மெழுகு வைத்துச் சாயம் முக்கி உருவம் எடுக்கும் துணி) கைவினைப் பொருளும் விற்ற காசு அது.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐடி வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியராகலாமா என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வரும் தம்பி தங்கைகளில் பெரும்பாலானவர்களின் மனதில் ஒரே படம்தான் இருக்கிறது. மனசுக்குப் பிடித்ததை வரைவேன், இன்ஸ்டாவில் போடுவேன், உலகம் கண்டுகொள்ளும், அப்புறம் வாங்குவார்கள். இந்த வரிசையில் வாழ்ந்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் ஓவியராகவே நிறைவாக வாழ்கிற நிறையப் பேரைத் தெரியும். அவர்கள் வாழ்கிற விதம் வேறு, அதைப் பற்றி யாரும் பெருமையாகப் பதிவு போடுவதில்லை.

1960-களின் தொடக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வர். 1850-ல் தொடங்கிய கல்லூரி அது. நல்ல கை உள்ள பிள்ளைகள் படித்து முடித்ததும் பிழைப்புக்காக எங்காவது போய் வரைவதையே விட்டுவிடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க அன்றைய சென்னையில் ஆள் கிடைப்பதே அரிது. வேறு ஒருவராக இருந்தால் அரசாங்கத்துக்கு மனு எழுதியிருப்பார், அல்லது கலையை மதிக்காத சமூகம் என்று திட்டிவிட்டுப் படுத்திருப்பார். பணிக்கரும் மாணவர்களும் பழைய மாணவர்களும் கைவினைப் பொருள் செய்ய ஒரு சங்கம் வைத்தார்கள். மெழுகு காய்ச்சி, சாயம் முக்கி, பாத்திக் துணி செய்து கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். நாற்பது பேர் அளவில் சேர்ந்த கூட்டம். (அதே ஈசிஆரில் இன்று ஒரு கிரவுண்டு என்ன விலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், வயிறு எரியும்.)

நான் இதில் பெரிதாக நினைப்பது, அந்தக் கைவேலையை அவர்கள் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான். அந்தக் கூட்டத்தில் ஒருவரான எஸ்.ஜி. வாசுதேவ் பாத்திக் செய்தார், செப்புத் தகட்டில் புடைப்பு வேலை செய்தார், ஓவியமும் வரைந்தார். நந்தகோபாலின் சிற்பங்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், தகடு வெட்டுவதும் பற்றவைப்பதும் எனாமல் பூசுவதுமாக அது முழுக்க ஒரு கைவினைக்காரனின் விரல். சோறு போட்ட வேலை ஒரு பக்கம், கலை இன்னொரு பக்கம் என்று சுவர் வைத்திருந்தால் இந்த மாதிரி வேலைகள் பிறந்திருக்காது.

அதற்காக அதைச் சொர்க்கமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. தொடக்கக் காலத்தில் அங்கே பெண்கள் மிகக் குறைவு, அர்ணவாஸ், அனிலா ஜேக்கப் என்று ஒரு சிலரைத்தான் சொல்ல முடியும். கூட்டாக வாழ்வது என்றால் சண்டை சச்சரவும் இருக்கும்தான். அதெல்லாம் இருந்தும் ஒரு விஷயத்தை அவர்கள் சரியாகப் பிடித்தார்கள்: வருமானத்துக்கான வேலையைக் கூட்டாகச் செய்துவிட்டு, தன் ஓவியத்தை மட்டும் தனியாகச் செய்வது. இன்று நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சம்பாதிப்பதில் ஆளாளுக்குத் தனித்தனியாக அல்லாடுகிறோம், வரைவதில் மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி வரைகிறோம். எது ஓடுகிறதோ அது. ஒரு வருஷம் எல்லாரும் மண்டலா, அடுத்த வருஷம் எல்லாரும் ரெசின்.

ஓவியர் ஆதிமூலத்தைப் பாருங்கள். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்திக் கோட்டோவியங்களை இன்றும் பேசுகிறோம். சிறுபத்திரிகைகளுக்கு அவர் வரைந்துகொடுத்த படங்களும் எழுத்துருக்களும் தமிழ் அச்சின் முகத்தையே மாற்றின. அந்தப் பத்திரிகைகள் பணம் கொடுத்து அவர் அரிசி வாங்கவில்லை. நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அவர். ஓவியர் ரெட்டப்ப நாயுடுவும் அங்கே வேலை பார்த்தவர்தான். இவர்களை முழுநேர ஓவியர் இல்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? மாதச் சம்பளம் இருந்ததால்தான் ஆதிமூலத்தால் சிறுபத்திரிகைக்கு மனசாரக் கொடுக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இன்றைய பாத்திக் எது? என் வட்டத்தில் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்டில் குழந்தைகளுக்கு டிராயிங் கிளாஸ். கல்யாண ரிசப்ஷனில் ஸ்டால் போட்டு வருகிறவர்களுக்குக் கேரிகேச்சர். நவராத்திரிக்கு முன்னால் பழைய கொலு பொம்மைகளுக்கு வண்ணம் புதுப்பிப்பது, கிரகப்பிரவேசத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் நூறு பீஸ். இதையெல்லாம் செய்கிறவர்கள் அதை மறைக்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம். இன்ஸ்டா பயோவில் 'ஆர்ட்டிஸ்ட்' என்று இருக்கும், கிளாஸ் எடுப்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. கிளாஸ் எடுக்கிறாயாமே என்று கேலரிக்காரர் கேட்டால் கூனிக் குறுகுகிறார்கள். ஏன்? எட்டு வயதுப் பிள்ளைக்கு யானையின் காலை எப்படி நிற்க வைப்பது என்று சொல்லிக்கொடுத்துக் கிடைக்கும் பணத்தில் என்ன கேவலம்? அந்தப் பணம் இருப்பதால்தானே கேலரிக்காரர் 'இதே மாதிரி நீலத்தில் இன்னும் நாலு போட்டுக்கொடுங்க' என்னும்போது முடியாது என்று சொல்ல முடிகிறது.

சரி, விலை விஷயத்துக்கு வருவோம். இதைப் பேசாமல் 'நிறைவான வாழ்க்கை' என்று பேசுகிறவர்கள் எல்லாம் அப்பா வீட்டில் வாடகை இல்லாமல் இருப்பவர்கள்.

மாதம் வீட்டுக்கு 44 ஆயிரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, மளிகை, கரண்ட், வண்டி, வண்ணம், காகிதம், மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து. (இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள், நமக்கு பிஎஃப்பும் கிடையாது இஎஸ்ஐயும் கிடையாது.) மாதத்தில் 22 நாள் வேலை செய்கிறீர்கள், ஆனால் அதில் பாதி நாள் மெயில், பேமெண்ட் கேட்டு போன், கூரியர், ஃபிரேம் கடை என்றே போய்விடும். காசு தரும் வேலையில் கை ஓடுவது 11 நாள். அப்படியானால் உங்கள் ஒரு நாளின் விலை 4,000 ரூபாய். மூன்று நாள், அதாவது 12,000 ரூபாய், பிடிக்கும் ஒரு அட்டைப்படத்தை 5,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால், மிச்சம் 7,000 ரூபாயை நீங்கள் அந்தப் பதிப்பாளருக்கு நன்கொடையாகத் தருகிறீர்கள்.

தரக் கூடாது என்று சொல்லவில்லை. சில நூறு பிரதி அச்சடிக்கிற தமிழ்ப் பதிப்பாளரால் 12,000 கொடுக்க முடியாமல் இருக்கலாம், கவிதைப் புத்தகம் போடுகிற நண்பரிடம் நான் காசே வாங்குவதில்லை. ஆனால் நான் கொடுக்கிறேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்து கொடுப்பது வேறு. 'தோழர், பட்ஜெட் கம்மி, ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்' என்று ஒருவர் சொல்ல, நாம் தலையாட்டிவிட்டு ராத்திரி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வரைவது வேறு. பிரிண்டருக்கும் பைண்டருக்கும் எக்ஸ்போஷர் கொடுக்கிறாரா அந்தத் தோழர்?

பாதிப் பணம் அட்வான்ஸ், இரண்டு கரெக்‌ஷனுக்கு மேல் தனிக் கட்டணம், பாதியில் வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பாது. இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாக எழுதி அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கிய பிறகு பென்சிலைத் தொடுங்கள். ஓடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். ஓடுகிறவர்கள் எப்படியும் பணம் தராமல்தான் ஓடியிருப்பார்கள்.

இதைவிட முக்கியம் உரிமை. நம்மில் நிறையப் பேர் நான் வரைந்தது எனக்குத்தான் சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவர் கேட்டு, அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவர்தான் முதல் உரிமையாளர். அதாவது நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் அவர் அதை டீ ஷர்ட்டில் போடலாம், மக்கில் போடலாம், உங்களுக்கு ஒரு பைசா வராது. உரிமை என்னிடமே இருக்கும், இன்ன பயன்பாட்டுக்கு மட்டும் தருகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் இருந்தால் கதையே வேறு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போதும் காலமும் இடமும் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் 19-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு நல்ல விஷயம் சட்டத்தில் இருக்கிறது, நாம் படிப்பதில்லை. விற்ற ஓவியம் மறுபடி 10,000 ரூபாய்க்கு மேல் கைமாறினால் வரைந்தவருக்குப் பங்கு உண்டு என்றுகூட 53ஏ பிரிவு சொல்கிறது. அப்படிப் பங்கு வாங்கிய ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை, அது வேறு கதை.

அமர்நாத் சேகல் என்ற சிற்பியின் வழக்கைச் சொல்லியாக வேண்டும். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அவர் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அரசு கழற்றி எடுத்துப் பழைய பொருள் போடும் இடத்தில் போட்டுவிட்டது, துண்டு துண்டாக. காசு கொடுத்து வாங்கிவிட்டோம், எங்கள் பொருள், என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்பதுதான் அரசு நின்ற இடம். சேகல் விடவில்லை. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு படைப்பாளிக்குத் தரும் தனி உரிமையை வைத்துக்கொண்டு வழக்காடினார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்த சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது, 5 லட்ச ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. விற்ற பிறகும் ஒரு படைப்பில் படைத்தவனுக்கு ஒட்டுறவு இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. ஓவியக் கல்லூரிகளில் முதல் வருஷமே இதைச் சொல்லித்தர வேண்டும். நான் படித்தபோது வண்ணச் சக்கரம் சொல்லித்தந்தார்கள், வவுச்சர் எழுதச் சொல்லித்தரவில்லை.

ஏஐ வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. சென்னைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. மவுண்ட் ரோட்டில் மாடி உயரத்துக்குக் கையால் வரைந்த சினிமா பேனர்கள் நின்றன. ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் வந்தது, சில வருஷங்களில் அந்தத் தொழிலே காலி. அவ்வளவு பெரிய கைகள், கட்டம் போட்டு முகத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கும் கணக்கு, எல்லாம் போயிற்று. எனக்குத் தெரிந்த பேனர் ஓவியர் ஒருவர் கும்பாபிஷேகத்துக்குக் கோபுரச் சுதைகளுக்கு வண்ணம் அடிக்கப் போனார், இன்னொருவர் ஷூட்டிங் செட் வேலைக்குப் போனார். பிழைத்தார்கள்தான், ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் தட்டுத்தடுமாறிப் போனார்கள். இப்போது அட்டைப்படத்தை ஏஐயில் போட்டுக்கொள்கிறோம் என்று சில பதிப்பாளர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஓவியர் தனியாக மறுத்தால் அது முணுமுணுப்பு, அவ்வளவுதான். ஒரு ஊரின் ஓவியர்கள் சேர்ந்து, கையால் வரைந்த அட்டைக்கு இன்ன குறைந்தபட்ச விலை, ஓவியர் பெயர் இன்ன பக்கத்தில் வர வேண்டும் என்று சொன்னால் அதற்குப் பேச்சுவார்த்தை என்று பெயர்.

இங்கேதான் மறுபடி பணிக்கரிடம் போகிறேன். பத்து ஏக்கர் வாங்கும் காலம் போய்விட்டது, சரி. ஆனால் நாலு பேர் சேர்ந்து சாலிகிராமத்திலோ அம்பத்தூரிலோ ஒரு மாடி போர்ஷனை வாடகைக்கு எடுக்க முடியும். கான்வாஸை ரோலாக மொத்தமாக வாங்கிப் பங்கு போட முடியும். ஒரு ஆடிட்டரையும் ஒரு வக்கீலையும் நாலு பேராகப் பிடித்துக்கொள்ள முடியும். ஒருத்தருக்கு டெங்கு வந்து படுத்தால் அவர் ஒப்புக்கொண்ட கல்யாண ஸ்டாலுக்கு இன்னொருத்தர் போக முடியும். வாங்குகிறவர்களின் பெயரும் ஃபோன் நம்பரும் ஒரு நோட்டில் இருக்கட்டும், எதை யாருக்குக் காட்டுவது என்ற கணக்கை இன்ஸ்டா மாற்றி நம் போஸ்ட்டை யாருக்கும் காட்டாமல் விட்டாலும் அந்த நோட்டு நம்மிடம் இருக்கும். ஃபாலோயர் எண்ணிக்கை பத்தாயிரம் ஏறியும் ஒரு பிரிண்ட்கூட விற்காத நண்பர்கள் உண்டு. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு படம் வாங்குகிற முப்பது நாற்பது குடும்பங்களை வைத்துக்கொண்டு நிம்மதியாக வரைகிறவர்களும் உண்டு.

நிறைவு என்று நான் எதைச் சொல்கிறேன் என்றால், காலையில் முதல் இரண்டு மணி நேரம் யாரும் கேட்காத படத்தை வரைவது. அதற்கு விலை கிடையாது, டெட்லைன் கிடையாது, ரீல்ஸ் எடுப்பதும் கிடையாது. பத்து மணிக்கு மேல் கிளாஸ், ஆர்டர், இன்வாய்ஸ். இரண்டையும் செய்கிற ஆள் ஒருத்தர்தான், இதற்காக உள்ளுக்குள் பிளந்துபோக ஒன்றும் இல்லை. வேலையை விடலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்: ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணமும், மாதா மாதம் வருகிற உங்கள் பாத்திக் ஏதாவது ஒன்றும், கூடச் சேர நாலு பேரும் இருந்தால் விடுங்கள். மூன்றில் எது இல்லையோ அதைத் தேடிக்கொண்டு, அதுவரை சம்பளத்தை வாங்குங்கள், ஆதிமூலம் வாங்கினார்.

நான் பயன்படுத்துகிற ஒப்பந்தக் கடிதம் ஒரு பக்கம்தான், தமிழில் இருக்கிறது. அட்வான்ஸ், கரெக்‌ஷன், உரிமை, பெயர் போடுவது எல்லாம் அதில் உண்டு. வக்கீல் நண்பர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கியது. வேண்டுவோர் மெசேஜ் அனுப்புங்கள், தருகிறேன். படத்தை வரைந்து அனுப்பிய பிறகு கேட்காதீர்கள், அதற்கு முன்னால் கேளுங்கள்.