எலுமிச்சைச் சாறும் மணலி உப்புக் காற்றும்

ஆய்வகக் கருவிகளின் வரலாறு பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, ஒரு கரைசலின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, எண்ணாகக் காட்டும் பிஎச் மீட்டரை மட்டும் 'பல்கலைக்கழக ஆராய்ச்சியின் கொடை' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! அது தொழிற்சாலைக்காரன் கேட்டு வாங்கிய கருவி ஐயா. பிஎச் அளவுகோலே 1909இல் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி தொடங்கிய ஆய்வகத்தில் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் கொடுத்ததுதான். 1934இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டியிருந்தது. சாறு கெடாமலிருக்கப் போட்ட சல்பர் டை ஆக்சைடு, நிறம் மாறிப் புளிப்பைக் காட்டும் லிட்மஸ் தாளையே வெளுத்துவிடும். நுனியில் கண்ணாடிக் குமிழோடு, கரைசலில் முக்கிப் புளிப்பை மின்சாரமாகக் காட்டும் கண்ணாடி எலெக்ட்ரோடு அப்போதே உண்டு. ஆனால் அதில் வரும் மின்னோட்டம் ரொம்பச் சன்னம், மின்னோட்டம் அளக்கும் கால்வனாமீட்டரின் முள் அசையாது. குமிழை மெல்லிசாக ஊதினால் அசையும், சீக்கிரம் உடைந்தும் போகும். அமெரிக்க வேதியியலாளர் ஆர்னால்டு பெக்மன் அந்த மின்னோட்டத்தைப் பெருக்கிக் காட்டும் வால்வு ஆம்ப்ளிஃபையர் சேர்த்த பிறகு கனமான குமிழே போதுமென்றாயிற்று.

இந்தச் சன்னமான மின்னோட்டத்தோடு சென்னை மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவன் நான். எண்ணூர்க் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தால் போதும், பஃபர் 7இல், அதாவது மீட்டரைச் சரிபார்க்கும் பிஎச் 7 கரைசலில், வைத்த முள் நிற்காமல் நகரும். எலெக்ட்ரோடு செருகும் இடத்தில் உப்பும் ஈரமும் படிந்து மின்னோட்டம் கசியும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிடுவோம். அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்து சரியாகிவிடும். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேனென்று அதை அணைத்துவிட்டுப் போக, அன்று இரண்டு பேட்ச் ரிஜெக்ட்!